முப்பத்தொரு பொக்கை வாய்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தப்பு என்னுடையது. ஒரே ஒரு 'ஏ'. ஆங்கில ஏ. அதை நான் போடாமல் விட்டதால், கனகபுராவுக்கு அந்தப் பக்கம் காட்டோரமாக இருக்கிற நெல்லிதொட்டியில் முப்பத்தொரு பிள்ளைகளுக்கு ஒரே நாளில் பல் போய்விட்டது. வாயிலிருந்து இல்லை, கம்ப்யூட்டரிலிருந்து. வாயிலிருந்து போயிருந்தால் மறுபடி முளைத்திருக்கும். கம்ப்யூட்டரில் போனது அவ்வளவு லேசில் முளைக்காது.

என் பெயர் குளோரியா. அடுகோடியில் பிறந்து அடுகோடியிலேயே வளர்ந்தவள். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், கறிக்கடையில் உருது, கோபம் வந்தால் மூன்றும். எலெக்ட்ரானிக் சிட்டியில் 'முழுப் புன்னகை மிஷன்' என்று ஒரு நிறுவனம் இருக்கிறது. பழங்குடிப் பிள்ளைகளின் பல்லைக் காப்பாற்றுவதற்காக ஒரு கண்ணாடிக் கட்டிடத்தின் எட்டாவது மாடியில் உட்கார்ந்திருக்கிறது. பழங்குடிகள் யாரும் எட்டாவது மாடிக்கு வருவதில்லை என்பதால் வேலை நிம்மதியாக நடக்கும். நான் அங்கே ஊர் ஊராகப் போய் விவரம் எழுதி வருகிறவள். ஒப்பந்த வேலை. பதினோரு மாதம் முடிந்ததும் ஒரு நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு மறுநாள் சேர்த்துக்கொள்வார்கள். ஆறு வருடமாக நான் தற்காலிகம்.

சும்மா சொல்லக் கூடாது, மிஷன் பல்லை மட்டும் பார்ப்பதில்லை. மாதத்துக்கு ஒரு முறை ஊருக்கு ஒரு வண்டிச் சாமான் அனுப்பும். ராகி மாவு, வேர்க்கடலை, முட்டை, பால் பாக்கெட். சாப்பாடு இல்லாமல் பல் மட்டும் எப்படி நன்றாக இருக்கும் என்று ஆரம்ப காலத்தில் யாரோ ஒரு நல்ல மனுஷர் கேட்டிருக்கிறார். அவர் இப்போது மிஷனில் இல்லை.

நெல்லிதொட்டியில் இருப்பவர்கள் இருளிகர் சனங்கள். ஒரு காலத்தில் காட்டுக்குள் கிழங்கு தோண்டி, தேன் எடுத்து, கீரை பறித்துச் சாப்பிட்டவர்கள். இப்போது காட்டுக்கு வேலி போட்டாயிற்று. கிழங்கு வேலிக்கு அந்தப் பக்கம், இவர்கள் இந்தப் பக்கம். கூலி கிடைத்த நாளில் அடுப்பு எரியும். அதனால் மிஷன் வண்டி வருகிற நாள் அவர்களுக்கு ரொம்ப முக்கியம்.

அன்றைக்கு நான் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். அதில் ஒரு படிவம். பிள்ளை ஒன்றுக்கு அறுபத்து நான்கு கேள்வி. ஒரு நாளைக்கு எத்தனை தடவை பல் தேய்க்கிறாய்? மேலிருந்து கீழா, கீழிருந்து மேலா, வட்டமா? பேஸ்ட் பட்டாணி அளவா, மொச்சை அளவா? இப்படி அறுபத்து மூன்று. அறுபத்து நான்காவது கேள்வி, 'வேறு ஏதாவது?' அதற்குக் கீழே ஒரு சின்னக் கட்டம். ஆங்கில எழுத்து மட்டும்தான் ஏறும், அதுவும் ஒன்பது. இடைவெளி விட்டால் அதையும் ஒரு எழுத்தாக எண்ணிக்கொள்ளும்.

நெல்லிதொட்டியில் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுகிறவள் புட்டமாதம்மா. முப்பத்தெட்டு வயது. ஊருக்காக யாரிடமும் பேசக்கூடியவள், யாரையும் ஏசக்கூடியவள். சேலைத் தலைப்பை வாய்மேல் வைத்துக்கொண்டு, என்னோடு கன்னடத்தில்தான் பேசுவாள். நான் தமிழில் சொல்கிறேன்.

"அக்கா, பல்லு தேய்க்கிறதைப் பத்தி அறுபத்து மூணு கேள்வி கேட்டே. நல்லாத்தான் தேய்க்கிறோம். தேய்ச்ச பல்லை வெச்சு எதைக் கடிக்கிறதுன்னு நீ கேக்கவே இல்ல. ரெண்டு மாசமா உங்க வண்டியில ஹாலு இல்லா. அதை எழுது."

ஹாலு என்றால் பால். ஹல்லு என்றால் பல். தமிழில் பல்லுக்கும் பாலுக்கும் நடுவே ஒரு துணைக்கால் நிற்கிறதல்லவா, கன்னடத்திலும் ஏறக்குறைய அதே பிழைப்புதான். 'ஹாலு இல்லா' என்று ஆங்கிலத்தில் அடித்தேன். எச், ஏ, ஏ, எல், யூ, அப்புறம் ஒரு இடைவெளி, ஐ, எல், எல், ஏ. பத்து. கட்டம் சிவப்பாகிக் கத்தியது. ஒரு ஏ-யை எடுத்தேன். கட்டம் பச்சையாகிச் சிரித்தது.

நாம் எல்லோரும் வாட்ஸப்பில் அப்படித்தானே அடிக்கிறோம்? 'பால் வாங்கிட்டு வாங்க' என்று ஒரு ஏ குறைத்து என் வீட்டுக்காரருக்கு அனுப்பினால் அவர் பல்லா வாங்கிக்கொண்டு வருகிறார்? அந்தத் தைரியத்தில் முப்பத்தொரு பிள்ளைக்கும் அப்படியே அடித்துவிட்டு வந்தேன்.

இரண்டு வாரம் கழித்து அவசரக் கூட்டம் என்றார்கள். போனால் கேக் வைத்திருந்தார்கள்.

கேக்குக்குப் பக்கத்தில் ஷ்ரேயாஸ் நின்றான். இருபத்தாறு வயது, விவரங்களை ஆராயும் பிரிவுக்குத் தலைவன். நல்ல பிள்ளை, சாப்பிட மட்டும்தான் எட்டாவது மாடியை விட்டுக் கீழே இறங்குவான். திரையில் கர்நாடகா வரைபடம். அதில் நெல்லிதொட்டி மட்டும் ரத்தச் சிவப்பு. என் 'ஹலு' தப்பான எழுத்து என்று கம்ப்யூட்டர் தானாகவே முடிவு செய்து, இன்னொரு எல் போட்டு 'ஹல்லு' என்று திருத்தி, அதை மொழிபெயர்த்தும் வைத்திருந்தது. பற்கள்: இல்லை. முப்பத்தொரு வரி.

இயக்குநர் தேசிகன் எழுந்தார். அவருடைய தாத்தா மைசூர் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்தவர். இதை நான் ஏன் சொல்கிறேன் என்றால் எந்தக் கூட்டமானாலும் அவர் முதலில் அதைத்தான் சொல்வார். அன்றைக்கும் சொல்லிவிட்டு ஆரம்பித்தார்.

"நாம இத்தனை வருஷமா சொத்தைப் பல்லைத் தேடி அலைஞ்சிண்டிருந்தோம். சொத்தைப் பல் எல்லா நிறுவனத்துக்கும் கிடைக்கறது. அதுல என்ன பெருமை? ஆனா பல்லே இல்லாத ஒரு கிராமம்! இந்தியாவுல யாருக்காவது கிடைச்சிருக்கா? நமக்குக் கிடைச்சிருக்கு. இது நம்ம எல்லாருடைய உழைப்புக்கும் கிடைச்ச பலன்."

எல்லோரும் கை தட்டினார்கள். நான் கேக்கைக் கீழே வைத்தேன். எழுந்து நின்றேன்.

"சார், அது ஹல்லு இல்ல, ஹாலு. பால் வரலைன்னு சொன்னாங்க சார். பிள்ளைங்க எல்லாத்துக்கும் பல்லு நல்லா இருக்கு."

தேசிகன் என்னைக் கனிவாகப் பார்த்தார். "குளோரியா, அந்த ஜனங்க மேல உனக்குப் பாசம் ஜாஸ்தி. நல்ல குணம். ஆனா டேட்டாவுக்குப் பாசம் கிடையாதும்மா."

"டேட்டாவை அடிச்சதே நான்தான் சார்."

"அடிக்கிற வரைக்கும் அது உன்னுது. அனுப்பினப்புறம் மிஷனுடையது. கேக் எடுத்துக்கோ."

கூட்டம் முடிந்ததும் ஷ்ரேயாஸைப் பிடித்துக்கொண்டேன். "மாத்திடு ராஜா, உனக்குப் புண்ணியமாப் போகும்."

"தாராளமா மாத்தலாம் அக்கா. ரொம்ப சிம்பிள். திருத்தம் கேக்கற ஃபார்ம் இருக்கு. அதோட பல் டாக்டர் பரிசோதனை பண்ணின சர்டிபிகேட் மட்டும் வேணும்."

"அப்போ டாக்டரை நெல்லிதொட்டிக்கு அனுப்பு."

"அனுப்பலாம். ஆனா பல் பரிசோதனை பல் இருக்கறவங்களுக்குத்தான். இவங்க பல் இல்லாதவங்க லிஸ்ட்ல இருக்காங்களே."

"பல் இருக்குன்னு காட்டத்தானேப்பா பரிசோதனை?"

"கரெக்ட் அக்கா. ஆனா பரிசோதனை பண்ண பல் இருக்கணும்."

அவன் முகத்தில் கிண்டல் துளியும் இல்லை. நிஜமாகவே எனக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அடுத்த திங்கட்கிழமை சுற்றறிக்கை வந்தது. கையெழுத்து டாக்டர் ஸ்ரீலக்ஷ்மி. மிஷனின் பல் மருத்துவர், உணவுத் திட்டமும் அவர் பொறுப்புதான். பல் இல்லாத பிள்ளைகளுக்குக் கடினமான உணவு கொடுப்பது மனிதாபிமானம் ஆகாது என்பதால் நெல்லிதொட்டிக்கு வேர்க்கடலை நிறுத்தம். ராகி முரட்டுத் தானியம், அதுவும் நிறுத்தம். முட்டை ஓட்டோடு அனுப்பப்படுவதால் அது கடினப் பொருள் பட்டியலில் இருக்கிறது, ஆகவே நிறுத்தம். இவற்றுக்குப் பதிலாக வாயில் வைத்ததும் கரையும் க்ரீம் பிஸ்கெட், தொட்டுக்கொள்ள சர்க்கரைப் பாகு. திட்டத்தின் பெயர் 'மென்புன்னகை'.

படியேறி அவர் அறைக்கு ஓடினேன்.

"டாக்டர், ராகி முத்தேயை யாரு டாக்டர் மெல்லுறாங்க? களியை உருட்டி, குழம்புச் சாருல முக்கி, அப்படியே முழுங்குறதுதானே? மென்னா பக்கத்து இலைக்காரன் சிரிப்பான். அதுக்குப் பல்லே வேணாமே."

"எனக்குத் தெரியாதா குளோரியா? எங்காத்துலயும் வாரத்துக்கு ரெண்டு நாள் முத்தேதான். ஆனா வீட்டு முத்தே வேற, பாலிசி முத்தே வேற."

"சரி, பாலாவது அனுப்புங்க. அது தண்ணி மாதிரிதானே இருக்கு."

"பால் எதுக்குக் குடுக்கறோம்? கால்சியத்துக்கு. கால்சியம் எதுக்கு? பல்லுக்கு. இல்லாத பல்லுக்குக் கால்சியம் அனுப்பினா நாளைக்கு ஆடிட்ல கேட்டா நான் என்னன்னு பதில் சொல்றது?"

அட ஏசுவே! பால் இல்லை என்று சொன்னதற்குப் பல் போயிற்று. பல் போனதற்குப் பாலும் போயிற்று.

பிஸ்கெட் வண்டி போன மூன்றாம் நாள் புட்டமாதம்மா போன் செய்தாள். "அக்கா, அன்னைக்கு அந்தக் கட்டத்துல என்ன எழுதினே நீ?" சொன்னேன். அப்புறம் ஒரு சிரிப்பு, விழுந்து விழுந்து. அந்தச் சிரிப்பு முடிந்ததும் ஏச ஆரம்பித்தாள் பாருங்கள், காதிலிருந்து போனை ஒரு சாண் தள்ளி வைத்துக்கொண்டேன். "காலையில பிஸ்கெட்டு, மத்தியானம் பிஸ்கெட்டு, சாயங்காலம் வயித்துவலி. ராகி இல்ல, முட்டை இல்ல. புள்ளைங்களுக்குப் பல்லு இருக்குதா இல்லியான்னு உங்க சாமிங்க கண்ணால பாக்கட்டும். நாளைக்கே வரேன்."

சொன்ன மாதிரி வந்துவிட்டாள். கனகபுரா வரை ஒரு பஸ், பனசங்கரி வரை ஒரு பஸ், அங்கிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்கு இன்னொன்று. கூடவே மகள் சஹானா, ஐந்து வயது. கீழே செக்யூரிட்டி இரண்டு பேர் சட்டையிலும் 'விசிட்டர்' என்று ஸ்டிக்கர் ஒட்டி மேலே அனுப்பினான்.

எட்டாவது மாடியில் ஒரே பரபரப்பு. பல்லில்லாத ஊரிலிருந்து ஒரு பிள்ளை நேரிலேயே வந்திருக்கிறது! ஆளாளுக்கு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். தேசிகன் குனிந்து, "எங்கே, வாயைத் திற கண்ணா" என்று கன்னடத்தில் கேட்டார். சஹானா திறந்தாள்.

மேலே பத்து, கீழே பத்து. வரிசையாக, முத்து மாதிரி. நான் சத்தமாக எண்ணினேன். எண்ணி முடித்ததும் செல்ஃபி எடுத்தவர்கள் போனை இறக்கினார்கள். ஆயிற்று, ஜெயித்துவிட்டோம் என்று நினைத்து புட்டமாதம்மாவின் கையைப் பிடித்து அழுத்தினேன்.

டாக்டர் ஸ்ரீலக்ஷ்மி டார்ச் அடித்துப் பார்த்தார். நிமிர்ந்தார். "சார், இதெல்லாம் பால் பல்."

"அப்படின்னா?"

"தற்காலிகம் சார். ஆறு வயசுலேருந்து ஒண்ணொண்ணா விழுந்துடும். மிஷனுடைய வரையறையில பல்லுன்னா நிரந்தரப் பல்தான்."

தேசிகனுக்கு மூச்சு வந்தது. "அப்போ டேட்டா சரி!"

"நூத்துக்கு நூறு சார்" என்றான் ஷ்ரேயாஸ்.

"பாத்தியா குளோரியா? பால்னு நீ சொன்னே, பல்லுன்னு நாங்க சொன்னோம். பால் பல்! ரெண்டு பேரும் சொன்னது சரியாயிடுத்து. மிஷன்ல யார் சொன்னாலும் தப்பாப் போகாதுங்கறதுக்கு இதுதான் சாட்சி."

தற்காலிகமாக இருப்பது கணக்கில் வராது என்பதை ஆறு வருடமாக அனுபவித்து வருகிறவள் நான். அந்த இருபது பல்லும் எனக்குச் சொந்தக்காரர்கள் மாதிரித் தெரிந்தன. இவர்கள் எல்லாம் தமிழிலும் இங்கிலீஷிலும் பேசிக்கொண்டதால் புட்டமாதம்மா என்னைப் பார்த்தாள். "என்னவாம்?"

"விழப்போற பல்லுக்குச் சோறு கிடையாதாம்."

அவள் தேசிகனை மேலும் கீழும் பார்த்தாள். "இவர் தலையில இருக்கிற நாலு மயிரும் விழப்போறதுதான். அதுக்கு எதுக்கு எண்ணெய் தேய்ச்சிக்கிட்டு வந்திருக்காரு?"

தேசிகனுக்குக் கன்னடம் நம்மை விட நன்றாகத் தெரியும். காதில் விழாத மாதிரி கையைத் தலைமேல் வைத்துத் தடவிப் பார்த்துக்கொண்டார். போகும்போது சஹானாவுக்கு ஒரு பெரிய பிஸ்கெட் டப்பா கொடுத்து அனுப்பினார்கள்.

ஆறு மாதம் போயிற்று. மறுபடி விவரம் எழுதுகிற முறை வந்தது. நெல்லிதொட்டிக்குப் போனேன். எப்போதும் வண்டிச் சத்தம் கேட்டதும் ஓடி வருகிற சஹானா வரவில்லை. குடிசைக்குள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். ஒரு பக்கம் வீங்கியிருந்தது. வாயைத் திறக்கச் சொன்னேன். கடைவாயில் இரண்டு பல் கறுத்து, ஒன்றில் பட்டாணி போகிற அளவுக்குப் பள்ளம். மற்ற பிள்ளைகளையும் கூப்பிட்டுப் பார்த்தேன். பதினான்கு பேருக்குச் சொத்தை. ஆறு மாதத்துக்கு முன்னால் ஒருத்தருக்கும் இல்லை, நானே பார்த்தவள். அறிக்கையில் எழுதலாம் என்றால் சொத்தைக்கான பக்கம் பல் இருப்பவர்களுக்குத்தான் திறக்குமாம்.

யாரை ஏசுவது? முதல் ஆள் நான்தானே. அந்த இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்து யோசித்தேன். சாப்பாடு திரும்ப வரவேண்டுமானால் முதலில் பல் திரும்ப வரவேண்டும். 'ஹல்லு இதெ', அதாவது பல் இருக்கிறது. எச், ஏ, எல், எல், யூ, ஒரு இடைவெளி, ஐ, டி, ஈ. விரல் விட்டு எண்ணினேன். ஒன்பது! கடவுள் கண் திறந்துவிட்டார் என்று முப்பத்தொரு தடவை அடித்து அனுப்பினேன்.

இரண்டு வாரத்தில் அவசரக் கூட்டம். இந்தத் தடவை கேக் இரண்டு அடுக்கு.

திரையில் நெல்லிதொட்டி பச்சைப் பசேல் என்று இருந்தது. தேசிகனுக்குக் கண் கலங்கியிருந்தது. தாத்தாவைப் பற்றிச் சொல்லக்கூட மறந்துவிட்டார்.

"ஆறு மாசத்துக்கு முன்னாடி அந்தக் கிராமத்துல ஒரு குழந்தைக்குக்கூடப் பல் கிடையாது. இன்னிக்கு முப்பத்தொரு குழந்தைக்கும் பல் இருக்கு. நடுவுல நாம பண்ணினது ஒண்ணே ஒண்ணு, மென்புன்னகை பிஸ்கெட். பிஸ்கெட் சாப்பிட்டா பல் முளைக்கும்னு விஞ்ஞானம் சொல்லலியேன்னு சில பேர் கேக்கலாம். விஞ்ஞானத்துக்கிட்ட நம்ம டேட்டா இல்லையே!"

இந்த பிஸ்கெட்டை அடுத்த வருடம் இருநூறு ஊருக்குக் கொண்டுபோவதாகத் திட்டம். மறுபடி எழுந்து நின்றேன்.

"சார், பல்லு முளைக்கல சார். சொத்தை விழுந்திருக்கு. பதினாலு பிள்ளைங்களுக்கு. பிஸ்கெட்டாலதான்."

"சொத்தை விழணும்னா முதல்ல பல் இருக்கணுமோல்லியோ? நீயே ஒத்துக்கறே பார்."

மிஷனுக்கு நிதி தருகிற நிறுவனத்தின் தலைவி வெளிநாட்டிலிருந்து வரப்போகிறார், முப்பத்தொரு பிள்ளைகளும் பல் தெரியச் சிரிக்கிற படத்தை அவரோடு நிற்க வைத்து எடுக்க வேண்டும், அந்தப் படம்தான் அடுத்த வருட அறிக்கையின் அட்டை என்றார்கள். அன்று மாலை புட்டமாதம்மாவுக்குப் போன் செய்து நடந்ததை எல்லாம் சொன்னேன். பிஸ்கெட் நிற்காது, பால் வராது என்று சொல்லும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் ஏசவில்லை. "அந்தப் படம் இல்லேன்னா உங்க சாமிங்களுக்கு என்ன ஆகும்?" என்று மட்டும் கேட்டாள்.

"அது இல்லேன்னா மிஷனே இல்ல புட்டமாதம்மா. பேரே முழுப் புன்னகை ஆச்சே."

"சரி, வை" என்றாள்.

அந்த நாள் வந்தது. நெல்லிதொட்டியில் பந்தல், பந்தல் முழுக்க மஞ்சள் பலூன், நடுவில் ஒரு பிரம்மாண்டமான வாய் படம் போட்ட பேனர். பிள்ளைகளுக்கு மஞ்சள் டீ-ஷர்ட். உயரப்படி நிறுத்தினார்கள். நிதித் தலைவி நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார், வெள்ளைக்கார அம்மாள், நல்ல மாதிரி. போட்டோக்காரர் கையைத் தூக்கி, "எல்லாரும் சிரிங்க!" என்றார்.

ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. முப்பத்தொரு வாயும் உண்டியல் மாதிரி இறுக்கமாக மூடியிருந்தது.

"சிரிங்கோ கண்ணா" என்று தேசிகன் தன் பல்லைக் காட்டிக் காட்டிச் சிரித்தார். டாக்டர் ஸ்ரீலக்ஷ்மி கிச்சுகிச்சு மூட்டினார். ஷ்ரேயாஸ் பாவம், தவளை மாதிரிக் குதித்தான், குரங்கு மாதிரி சொறிந்தான். மூன்று வயசுப் பொடிசு ஒன்று தோள் குலுங்கத் தவித்தது. பக்கத்தில் நின்ற அதன் அக்கா படக்கென்று அதன் வாயைப் பொத்தினாள்.

புட்டமாதம்மா முன்னால் வந்தாள். "சாமி, புள்ளைங்க வாய் பூட்டியிருக்கு. சாவி உங்ககிட்டதான் இருக்கு. ராகி, கடலை, முட்டை, பால். பிஸ்கெட் வேணாம். எழுதிக் குடுங்க, திறந்துடும்."

தேசிகன் குரலைத் தாழ்த்தினார். "அம்மா, அதுக்கெல்லாம் ஒரு நடைமுறை இருக்கு. கமிட்டி கூடணும், மினிட்ஸ் எழுதணும். மூணு மாசமாவது ஆகும்."

"ஆகட்டுமே. வாய் எங்கேயும் போயிடாது. மூணு மாசம் கழிச்சு வந்து படம் எடுத்துக்குங்க."

வெள்ளைக்கார அம்மாள் என்ன விஷயம் என்று கேட்டார். தேசிகனுக்கு அந்த நேரத்தில் எப்படித்தான் வந்ததோ, "இது இந்த ஜனங்களுடைய பாரம்பரிய மௌனம். பெரிய விருந்தாளிகளுக்கு மட்டும்தான் இந்த மரியாதை" என்று இங்கிலீஷில் சொன்னார். அந்த அம்மாள் உருகிப்போய் இரண்டு கையும் கூப்பி, கண்ணை மூடி, அவரும் வாயை மூடிக்கொண்டார். அவர் மூடியதால் கூட வந்தவர்களும் மூடினார்கள். பத்து நிமிஷம் நெல்லிதொட்டியில் கோழி மட்டும்தான் பேசியது.

அந்தப் பத்து நிமிஷத்துக்குள் ஜீப்புக்குப் பின்னால் கமிட்டி கூடியது. தேசிகன், டாக்டர், ஷ்ரேயாஸ். ஆறு மாதமாக நான் கெஞ்சியது நான்கே நிமிஷத்தில் முடிந்தது. காரணமும் டாக்டரே கண்டுபிடித்தார். புதிதாக முளைத்த பல் என்பதால் அதற்குப் பலம் வேண்டும், ஆகவே பால் அவசியம், ராகி அவசியம். முட்டையின் ஓட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. சொத்தைப் பல்லுக்கு வைத்தியமும் அதே தாளில் எழுத வைத்தேன். ஜீப் பானெட்மேல் வைத்து மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். நான் வாசித்துக் காட்டினேன். புட்டமாதம்மா தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, "முதல்ல பால் வரட்டும்" என்றாள்.

டிரைவர் ஜெயராஜ் கனகபுராவுக்குப் பறந்தார். ஒரு மணி நேரத்தில் இரண்டு கேன் பாலோடு வந்து சேர்ந்தார். காய்ச்சி ஊற்றிக் கொடுத்தோம். குடித்து முடித்த முப்பத்தொரு வாயும் தானாகவே திறந்தது, மேலுதட்டில் வெள்ளை மீசையோடு. சஹானாவின் ஒரு பக்கக் கன்னம் இன்னும் வீங்கித்தான் இருந்தது. அவளும் சிரித்தாள். போட்டோக்காரர் எடுத்துத் தள்ளிவிட்டார்.

வண்டிகளெல்லாம் கிளம்பிய பிறகு நானும் புட்டமாதம்மாவும் அடுப்படியில் உட்கார்ந்திருந்தோம். "அந்தக் கண்ணாடி போட்ட பையன் தவளை மாதிரி குதிச்சானே அக்கா!" என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தாள். அடக்க முடியாமல் சிரித்தாள். பேசும்போதெல்லாம் சேலைத் தலைப்பால் வாயை மறைத்துக்கொள்வது அவள் வழக்கம். வெட்கம் என்றுதான் ஆறு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது சிரிப்பில் தலைப்பு நழுவிவிட்டது.

மேலே முன்வரிசையில் ஒரு பல்கூட இல்லை. கீழே இரண்டே இரண்டு.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "எப்போ போச்சு இதெல்லாம்?"

"சஹானா வயித்துல இருக்கறப்போ நாலு போச்சு. அவளுக்குப் பால் குடுக்கறப்போ மீதி ஒண்ணொண்ணா ஆடிப் போச்சு. சாப்பாடு எங்கே இருந்துச்சு அப்போ?"

"ஆறு வருஷமா பல்லைப் பத்திதானே வந்து கேட்டுக்கிட்டு இருக்கேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீ புள்ளைங்களைக் கேட்டே அக்கா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. "என்னை எப்போ கேட்டே?"

அவள் கேனைச் சாய்த்துப் பார்த்தாள். அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பிள்ளைகள் எல்லோரும் குடித்தாயிற்றா என்று வெளியே ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். அப்புறம் ஒரு டம்ளரை எடுத்துத் துடைத்து என் பக்கம் நீட்டினாள்.

"எனக்கு அரை டம்ளர் ஊத்து, போதும்."

நான் நிறைய ஊற்றினேன்.